வாசகர் கேள்வி-பதில்: குப்பிக்குள் ஒரு மனிதப் புரதம்

கேள்வி: என் மகள் வேலூரில் உயிர்த்தொழில்நுட்பம் முதுகலை படிக்கிறாள். அவளுடைய ஆய்வகத்துக்கு ‘மறுசேர்க்கை மனித பி.டி-1’ என்று எழுதிய சிறு குப்பி வந்திருக்கிறதாம். அது மனித உடம்பிலிருந்து எடுக்கப்பட்டதா? அதைக் கையாள்வதால் நோய் ஏதும் தொற்றுமா?
— ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: உங்கள் தெருவில் இன்சுலின் போட்டுக்கொள்பவர் ஒருவராவது இருப்பார். 1982 முதல் மருந்தாகக் கிடைக்கும் மனித இன்சுலின் எந்த மனிதரின் கணையத்திலிருந்தும் எடுக்கப்பட்டதன்று. மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, அதைக்கொண்டு செய்வித்த புரதம் அது. இப்படிச் செய்விப்பதைத்தான் ‘மறுசேர்க்கை’ என்கிறார்கள். உங்கள் மகளின் குப்பியில் இருப்பதும் அவ்வழியில் வந்ததே, செய்யும் செல் மட்டும் வேறு.

பி.டி-1 என்பது நம் நோயெதிர்ப்புப் படையான டி செல்களின் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் ஓர் ஏற்பி. வேறொரு செல்லின் மீதுள்ள பி.டி-எல்1 என்னும் புரதம் வந்து இதைப் பற்றிக்கொண்டால் டி செல் தன் தாக்குதலைத் தளர்த்திக்கொள்ளும். உடம்பு தன்னைத்தானே தாக்கிக்கொள்ளாதிருக்க அமைந்த இந்தத் தடுப்பைப் புற்றுச் செல்களில் பலவும் தமக்குச் சாதகமாக்கிக்கொள்கின்றன. 1992இல் ஜப்பானின் கியோட்டோவில் தசுகு ஹோஞ்சோ குழுவினர் இதன் மரபணுவைக் கண்டறிந்தனர். 2018இல் அவருக்கும் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இத்தடுப்பை விலக்கும் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் ஆகிய எதிர்ப்பொருள் மருந்துகள் 2014 முதல் புழக்கத்தில் உள்ளன. குப்பியில் இருப்பது அம்மருந்து அன்று. மருந்து சென்று பற்றவேண்டிய இலக்கு. எந்த எதிர்ப்பொருள் எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்று தட்டில் பூசிச் சோதிப்பதற்காக விற்கப்படுவது. ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று அதன் மேல் எழுதியிருப்பதும் அதனால்தான்.

முழு ஏற்பியையும் தயாரிப்பதில்லை. செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியின் மரபணுவை மட்டும் நறுக்கியெடுத்து, வால்போல ஹிஸ்டிடின் அமினோ அமிலங்கள் ஆறேழு சேர்த்து, பெரும்பாலும் ஹெக்-293 என்ற செல்களுக்குள் செலுத்துவார்கள். 1973இல் நெதர்லாந்தின் லைடன் நகரில், ஒரு மனிதக் கருவின் சிறுநீரகச் செல்களிலிருந்து உருவாக்கப்பட்ட செல் பரம்பரை அது. 293 என்பது அந்தச் சோதனையின் வரிசை எண். அன்றிலிருந்து அவை தாமே பெருகிக்கொண்டிருப்பதால் இன்று எவரிடமிருந்தும் எதையும் புதிதாக எடுப்பதில்லை. செல்கள் புரதத்தை வளர்ப்பு நீரில் உமிழ்ந்துவிடும். அந்நீரை நிக்கல் பதித்த குழாயின் வழியே விட்டால் ஹிஸ்டிடின் வால் நிக்கலில் ஒட்டிக்கொள்ள, மற்றவை வழிந்தோடிவிடும். இப்படித் தூய்மையாக்கிய புரதத்தில் உயிருள்ள செல் இல்லை. பெருகவோ தொற்றவோ அதற்கு வழியும் இல்லை. கையுறை அணிவது ஆய்வகத்தின் பொது ஒழுங்கு. அதை மகள் விடவேண்டாம்.

கேள்வி: அக்னி நட்சத்திரத்தில் வந்த பார்சலில் ஐஸ் பொதிகள் உருகிப்போயிருந்தன. 100 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கும் குப்பியோ காலியாகத் தெரிகிறது. திருப்பி அனுப்பிவிடலாமா?
— ஒரு மாணவி, காட்பாடி

பதில்: அவசரப்பட வேண்டாம். 100 மைக்ரோகிராம் என்பது பொடியுப்பின் ஓரிரு மணிகளின் எடைதான். உறையவைத்து உலர்த்திய அந்தப் பொடி கண்ணாடிச் சுவரில் மெல்லிய படலமாகவோ மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும். ஆகவே திறக்குமுன் குப்பியைச் சில நொடிகள் மையவிலக்கியில் சுற்றுங்கள். உலர்ந்த புரதம் திரவப் புரதத்தைவிட வெப்பத்தைத் தாங்கும். பல தயாரிப்பாளர்கள் அதைச் சாதாரண வெப்பநிலையிலேயே அனுப்புகிறார்கள். உடன்வந்த தாளில் அவ்வாறு இருந்தால் கவலையில்லை. திரவமாக வந்திருந்தால் அன்றே புகார் எழுதிவிடுங்கள்.

கரைக்கும்போது தாளில் சொன்ன அளவு நீரைச் சுவரோரமாக விட்டு, சில நிமிடம் அப்படியே வையுங்கள். வோர்டெக்ஸ் என்னும் குலுக்கு கருவியில் வைத்து நுரை எழுப்பினால் புரதம் கெடும். பிறகு சிறு சிறு பங்குகளாகப் பிரித்து உறையவையுங்கள். ஒரே குழாயை வாரந்தோறும் உருக்கி மீண்டும் உறையவைப்பதைப் பார்க்கையில்தான் எனக்குக் கோபம் வரும்; வெயில் செய்யாத கேட்டை அப்பழக்கம் செய்துவிடுகிறது.

கேள்வி: கணக்குப்படி 17 கிலோடால்டன் (மூலக்கூறின் எடையளவு) இருக்கவேண்டிய பி.டி-1, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் 35க்கு அருகே அகலமாகப் பரவி நிற்கிறது. போலிச் சரக்கா?
— ஒரு மாணவர், இராணிப்பேட்டை

பதில்: போலி அன்று, சர்க்கரை. இப்புரதத்தில் நான்கு இடங்களில் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்குகின்றன. ஒவ்வொரு மூலக்கூறிலும் அவற்றின் நீளம் சற்றே மாறுபடுவதால் கோடு கூர்மையாக விழாமல் பரவுகிறது. இன்சுலினுக்கு இத்தொங்கட்டான்கள் இல்லாததால் பாக்டீரியா போதும், பி.டி-1ஐப் பாக்டீரியாவில் செய்வதும் உண்டென்றாலும் அதில் சர்க்கரை இராது. ஐயம் தீரவில்லையெனில் ஒரு பங்கை பி.என்.கேஸ்-எஃப் நொதியுடன் வைத்துச் சங்கிலிகளை வெட்டிவிட்டு, வெட்டாததற்குப் பக்கத்திலேயே மறுபடி ஓட்டுங்கள். பரவல் சுருங்கி 17ஐ நோக்கி இறங்கியிருக்கும்.