வாசகர் கேள்விகள்: அமீரகத்தின் வெயிலும் புழுக்கமும்

கேள்வி: கோடையில் வெட்டவெளி வேலைக்கு அரசு போடும் மதிய வேலைத் தடை செப்டம்பர் 15-உடன் முடிந்துவிட்டது. வெயிலும் ஜூலை அளவுக்கு இல்லை. ஆனாலும் சைட்டில் உடம்பு அசந்துபோகிறதே?

பதில்: காரணம் வெயில் அல்ல, புழுக்கம். ஜூனில் வடமேற்கிலிருந்து வீசும் ஷமால் காற்று மண்ணை வாரி இறைத்தாலும் உலர்ந்த காற்று. வியர்வை உடனே காய்ந்து உடம்பு குளிரும். ஆகஸ்ட், செப்டம்பரில் வளைகுடாக் கடல்நீரே ஏறக்குறைய 33 டிகிரிக்குச் சூடேறிக் கிடக்கும். அங்கிருந்து வரும் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை காயாமல் வழிந்து வீணாகிறது, உள்சூடு உள்ளேயே தங்குகிறது. ஏசி அறையை விட்டு வந்ததும் மூக்குக்கண்ணாடி பனித்தால் அன்று எச்சரிக்கையாக இருங்கள். தடை நாட்களின் 12.30–3.00 ஓய்வை, முடிந்தால் செப்டம்பர் கடைசிவரை நீங்களாகவே நீட்டிக்கொள்வது நல்லது. தாகத்துக்குக் காத்திராமல் 15–20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உப்பு குறைந்தால் தசை பிடிக்கும், இடையிடையே ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) வேண்டும். உடன் வேலை செய்பவருக்குப் பேச்சு குழறினால் நிழலில் கிடத்தி, மேலே நீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸுக்கு 998-ஐ அழையுங்கள்.

கேள்வி: சுஹைல் நட்சத்திரம் வந்தால் சூடு போய்விடுமா?

பதில்: நம் அகத்திய நட்சத்திரம்தான் அரபியர்களின் சுஹைல். ஆகஸ்ட் 24 வாக்கில் விடியலுக்கு முன் தெற்கே தாழ்வாகத் தெரியும். அன்றே சூடு இறங்காது. முதலில் இரவுகள் தணியும். பகல் இதமாக நவம்பர் ஆகும்.

கேள்வி: கோடையில் குழாயைத் திறந்தால் கொதிநீர். என்ன செய்வது?

பதில்: மொட்டைமாடி டேங்க் செய்யும் வேலை அது. மே மாதமே ஹீட்டரை அணைத்துவிட்டு, குளிக்கச் சுடுநீர்ப் பக்கத்தைத் திருப்புங்கள். ஏசி வீட்டுக்குள் இருக்கும் ஹீட்டரில் தேங்கிய நீர் அறைச் சூட்டுக்கு வந்திருக்கும். 50 லிட்டர் ஹீட்டர் என்றால் இரண்டு, மூன்று வாளிதான். அதற்குப் பின் மாடி நீர் உள்ளே வந்துவிடும், மறுபடி ஆறச் சில மணி நேரம் பிடிக்கும். குடும்பத்தில் யார் முந்திக்கொள்வது என்பது உங்கள் பாடு!

கேள்வி: பாலைவனத்தில் மூடுபனியா?

பதில்: ஆம், குளிர்காலத்தில். தெளிந்த இரவில் மணல் சீக்கிரம் குளிர, கடலின் ஈரக்காற்று அதன்மேல் நுண்ணிய நீர்த்துளிகளாகி நிற்கும். விடியற்காலைதான் மோசம். அபுதாபி நெடுஞ்சாலைகளில் அப்போது வேக வரம்பு 80 கி.மீ. ஆகிவிடும். ஓடும் வண்டியில் நான்கு இண்டிகேட்டரையும் போடாதீர்கள்: பின்னால் வருபவருக்கு வண்டி நிற்கிறதா, போகிறதா என்று தெரியாது.