விமானம் – கேள்வி பதில்: குறைவாக ஓடிய எஞ்சின் நல்ல எஞ்சினா?

கேள்வி: தனியார் விமானி அனுமதிப்பத்திரம் எடுத்து நான்கு மாதமாகிறது. 62 மணித்தியாலம் பறந்திருக்கிறேன். இரத்மலானையில் 1979ஆம் ஆண்டுச் செஸ்னா 172என் விமானம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 2006இல் எஞ்சினை முழுதாகப் பிரித்துப் புதுப்பித்து ஓவர்ஹோல் செய்தார்களாம். அதன்பின் 420 மணித்தியாலம்தான் ஓடியிருக்கிறது, இன்னும் 1,500 மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் என்கிறார் விற்பவர். முற்பணம் கொடுக்கலாமா?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். அவர் பெருமையாகச் சொல்லும் அந்த 420தான் எங்களுக்குக் கவலை தருகிறது. கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு 25 மணித்தியாலம்கூட வரவில்லை. எஞ்சினைச் செய்த லைகோமிங் நிறுவனம் அடுத்த ஓவர்ஹோலுக்குச் சொல்லும் எல்லை 2,000 மணித்தியாலம் அல்லது 12 வருடம், எது முந்துகிறதோ அது. பன்னிரண்டு வருடம் 2018லேயே முடிந்துவிட்டது.

இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டுக்கு மேலே இருக்கிறது. விமானம் வாரக்கணக்கில் நின்றால் மேலே ஒட்டியிருந்த ஒயில் வடிந்து, இரும்பு வெறுமையாகிவிடும். இரத்மலானையில் கடற்காற்று சும்மா விடுமா? துருப் புள்ளிகள் விழும். அடுத்த முறை ஓடும்போது அந்தப் புள்ளிகளிலிருந்து உலோகம் செதிலாகக் கழரத் தொடங்கும். நிறுத்திய இடத்திலேயே பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைப்பதும் உதவாது. ஒயில் 80 பாகை செல்சியஸைத் தாண்டி அரை மணித்தியாலமாவது இருந்தால்தான் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகும். அதற்குப் பறக்கத்தான் வேண்டும்.

சிலிண்டர் காற்றைப் பிடித்துவைக்கிறதா என்று பார்க்கும் கொம்பிரசன் சோதனை நன்றாக வந்தது என்று தாளைக் காட்டுவார்கள். சதுர அங்குலத்துக்கு 80 இறாத்தல் அழுத்தம் கொடுக்கும்போது சிலிண்டர் 70க்கு மேல் காட்டினால் நல்லதுதான். 60க்குக் கீழே போனால் அந்தச் சிலிண்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டிவரும். காற்று சைலன்ஸர் பக்கம் சீறினால் எக்ஸோஸ்ட் வால்வு, காபுரேட்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு, ஒயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங். ஆனால் கேம் தண்டு தேய்ந்திருப்பதை இந்தச் சோதனை காட்டவே காட்டாது.

அதற்கு வேறு வழி உண்டு. 172என்னில் இருக்கும் ஓ-320-எச்2ஏடி எஞ்சின் கேம் தேய்மானத்துக்குப் பேர்போனது. ஆனாலும் ஒரு வசதி: கேம் தண்டின் அசைவை வால்வுக்குக் கடத்தும் டாப்பெட்டுகளை எஞ்சின் உடலைப் பிளக்காமலே வெளியே எடுக்கலாம். மற்ற லைகோமிங்குகள் பலவற்றில் அது முடியாது. எடுத்து அடிமுகத்தைப் பாருங்கள்; குழியோ செதிலோ தெரிந்தால் கேம் தண்டும் போய்விட்டது. ஒயில் பில்டரை வெட்டி விரித்து, மடிப்புகளுக்குள் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். இந்த எஞ்சினுக்குத் தேய்மானத்தைக் குறைக்கும் எல்டபிள்யூ-16702 என்ற சேர்மானமோ, அது ஏற்கெனவே கலந்த ஒயிலோ கட்டாயம். அது ஒவ்வொரு முறையும் பராமரிப்புப் பதிவேடான லொக் புக்கில் பதிவாகியிருக்கிறதா என்றும் தேடுங்கள். பதிவு விட்டுவிட்டு இருந்தால் பராமரிப்பும் அப்படித்தான் நடந்திருக்கும்.

உடலில்: கம்பளத்தைத் தூக்கித் தரையைப் பாருங்கள். இறகைத் தாங்கும் ஸ்ட்ரட்டின் இரு முனைகளையும், வால்பகுதியின் உட்புறத்தையும், அடிவயிற்றுக்குள் ஓடும் கேபிள்களையும் பாருங்கள். பெயின்ட் கொப்பளித்திருந்தால், ரிவெட்டைச் சுற்றி வெள்ளைத் தூள் இருந்தால் அலுமினியம் அரிக்கிறது. ரிவெட்டிலிருந்து கறுப்புக் கோடு இழுபட்டிருந்தால் அது தளர்ந்துவிட்டது.

ஆசனத் தண்டவாளத்தை மறக்கவே வேண்டாம். பூட்டு ஊசி இறங்கும் துளை 0.36 அங்குலத்துக்கு மேல் தேய்ந்தால் தண்டவாளத்தை மாற்ற வேண்டும். மேலெழும் நேரத்தில் ஆசனம் பின்னே வழுக்கினால் கை தானாகவே ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும். மூக்கு நிமிர்ந்து, இறகு தாங்கும் விசையை இழந்து விமானம் ஸ்டால் ஆகும். இதனால் உயிர்கள் போயிருக்கின்றன.

இவற்றைப் பார்ப்பவர் உரிமம் பெற்ற பொறியியலாளராக இருக்க வேண்டும். இந்த விமானத்தை இதுவரை பராமரித்தவராக இருக்கக்கூடாது. கூலியை நீங்களே கொடுங்கள். டாப்பெட்டை எடுக்க விற்பவர் சம்மதிக்காவிட்டால், எஞ்சின் முடிந்துபோனது என்றே விலை பேசுங்கள்: ஓவர்ஹோல் செலவு முழுவதையும் கழித்து.

கேள்வி: 172இல் நாலு ஆசனம் இருக்கிறதே, பெரியவர்கள் நாலு பேர் டேங்க் நிரப்பிப் போகலாமா?
— வாசகி, தெஹிவளை

பதில்: பெரும்பாலும் முடியாது. 172என்னின் உச்ச எடை 1,043 கிலோ. வெறும் விமானம் 650 கிலோ என்று வைத்தால் மிச்சம் 393. பயன்படுத்தக்கூடிய பெற்றோல் 151 லீற்றர், ஏறக்குறைய 109 கிலோ. ஆட்களுக்கு 284 கிலோ, தலைக்கு 71. பையும் இல்லை. விற்பனைத் தாளில் இருக்கும் எடையை நம்பாமல், அந்த விமானத்தையே கடைசியாக எடைபோட்ட அறிக்கையைக் கேளுங்கள். தனியாகவோ இருவராகவோ பறப்பவருக்கு இரண்டு ஆசனச் செஸ்னா 152 போதும், பெற்றோலும் குறைவு.

கேள்வி: வெளிநாட்டில் வாங்கிக் கொண்டுவந்தால்?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பணம் அனுப்புவதற்கு முன் சிவில் விமான சேவைகள் அதிகார சபைக்கு விமானத்தின் வகை, வருடம், தொடர் இலக்கம் எழுதி, எழுத்தில் பதில் வாங்குங்கள். பழைய நாட்டுப் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்பட்ட பின்தான் இங்கே 4ஆர் என்று தொடங்கும் இலங்கைப் பதிவு. ஏற்றுமதிக்கான பறக்கும் தகுதிச் சான்றிதழை விற்பவர் எடுத்துத் தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். விமானத்தின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்றும் பாருங்கள். இறகைக் கழற்றி 40 அடிக் கொள்கலனில் ஏற்றலாம். லொக் புக்குகளை மட்டும் அதற்குள் வைக்காமல் கையோடு கொண்டுவாருங்கள்.