ரோம் போகிறவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

ரோமில் குடியிருப்பதால் ஊரிலிருந்து யார் கிளம்பினாலும் எனக்கு ஒரு மெசேஜ் வந்துவிடுகிறது. தனித்தனியாகப் பதில் எழுதி முடியவில்லை, அதனால் மொத்தமாகக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். கட்டணங்கள் அவ்வப்போது மாறும், கிளம்பும் முன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, பத்து நாள் ஐரோப்பா பேக்கேஜில் ரோமுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். போதுமா?

போதாது. குறைந்தது மூன்று முழு நாள் வேண்டும். ஒரே நாளில் கொலோசியம், வாட்டிகன் இரண்டையும் வைத்தால் பாதி நேரம் வரிசையிலும் மீதி நேரம் பஸ்ஸிலும் போய்விடும், வாட்டிகன் மியூசியத்தைச் சுமாராகச் சுற்றிப் பார்க்கவே மூன்று மணி நேரம் ஆகும். பேக்கேஜை மாற்றவே முடியாது என்றால் மியூசியத்தைத் தைரியமாக விட்டுவிடுங்கள். காலையில் கொலோசியம், மதியத்துக்கு மேல் பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன், நவோனா சதுக்கம், ட்ரெவி நீரூற்று என்று நடந்தே பாருங்கள். பாந்தியனிலிருந்து நவோனா ஐந்து நிமிட நடை, ட்ரெவி பத்து நிமிடம். ரோமின் நடு ஊர் அவ்வளவு சின்னது, வரைபடத்தில் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள்.

என் கணக்கு எப்போதும் ஒன்றுதான்: ஒரு நாளைக்கு நேரம் குறித்து முன்பதிவு செய்த இடம் ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். மீதி நேரம் காலாற நடக்க.

கேள்வி: கொலோசியத்துக்கு டிக்கெட்டே இல்லை என்று காட்டுகிறது. வேறு தளங்களில் அறுபது, எழுபது யூரோ சொல்கிறார்கள். வாங்கலாமா?

அவசரப்படாதீர்கள். அதிகாரபூர்வத் தளத்தில் சாதாரண டிக்கெட் 18 யூரோ, அதிலேயே பழைய ரோமின் மையச் சதுக்கமான ரோமன் ஃபோரமும் பாலட்டைன் குன்றும் சேர்த்தி. சிக்கல் என்னவென்றால் டிக்கெட் 30 நாளைக்கு முன்புதான் விற்பனைக்கு வரும். மூன்று மாதம் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்து அதிக விலைக்கு வாங்குகிறவர்கள்தான் அதிகம். நம் ஊர் தத்கால் மாதிரி, அந்த நாள் வந்ததும் உட்கார்ந்து போட வேண்டியதுதான். அடித்தளத்துக்கு, அதாவது விலங்குகளை அடைத்து வைத்திருந்த பகுதிக்கு இறங்கும் டிக்கெட் இன்னும் சீக்கிரம் தீரும்.

டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே போடுங்கள், வாசலில் பார்ப்பார்கள். 18 வயதுக்குக் கீழ் இலவசம், ஆனால் அவர்களுக்கும் பூஜ்ய யூரோ டிக்கெட் எடுத்தாக வேண்டும். வழிகாட்டியோடு சேர்த்து அறுபது யூரோ என்றால் அது வேறு கணக்கு, நல்ல வழிகாட்டி கிடைத்தால் கொடுக்கலாம். வாசலில் நின்றுகொண்டு "வரிசையில் நிற்காமல் உள்ளே விடுகிறேன்" என்பவர்களிடம் மட்டும் பேச்சே வேண்டாம்.

கேள்வி: எங்களுக்கு ஞாயிறு மட்டும்தான் வாட்டிகனுக்கு நேரம் இருக்கிறது. திறந்திருக்குமா?

மியூசியம் ஞாயிறு மூடல். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள். ஆனால் மதியம் 12.30க்கு மேல் உள்ளே விடமாட்டார்கள், கூட்டம் திருவிழாக் கூட்டம். இலவசம் என்பதற்காக அன்றைக்குப் போகச் சொல்லமாட்டேன். வேறு நாள் என்றால் 20 யூரோ, ஆன்லைனில் பதிவு செய்ய 5 யூரோ கூடுதல். அந்த ஐந்து யூரோவை மிச்சம் பிடிக்கப் பார்த்து வெயிலில் நிற்காதீர்கள்.

புனித பேதுரு பேராலயம் வேறு, மியூசியம் வேறு. பேராலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை, பாதுகாப்புச் சோதனை வரிசை மட்டும் உண்டு. காலை ஏழரைக்குள் போனால் சுலபமாக நுழைந்துவிடலாம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆணுக்கும் அதே விதிதான். அரை டிராயரோடு வந்த அப்பாக்களைத் திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். பேராலயக் குவிமாடத்தின் உச்சிக்கு 551 படி. லிஃப்டில் போனாலும் கடைசி 320 படி ஏறித்தான் ஆக வேண்டும், மேலே போகப் போக சுவரே சாய்ந்து வரும், மூச்சு முட்டுகிறவர்கள் கீழேயே இருந்துகொள்ளுங்கள்.

கேள்வி: விசா எப்போது போடணும்?

ஆறு மாதம் முன்னாலிருந்து போடலாம். இந்தியாவிலிருந்து என்றால் கோடைக்கு முன் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரிய பாடு, அதனால் மூன்று மாதமாவது முன்னால் ஆரம்பியுங்கள். கட்டணம் 90 யூரோ, பயண இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு. பல நாடுகள் போகிறீர்கள் என்றால் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

கேள்வி: மாமனார் மாமியாரைக் கூட்டி வருகிறோம், மாமிக்கு முழங்கால் வலி. எங்கே தங்கலாம்?

பிராட்டி. வாட்டிகனுக்குப் பக்கத்தில் இருக்கும் பகுதி, தெருக்கள் அகலம், மேடு பள்ளம் கிடையாது, ஏ லைன் மெட்ரோ பக்கத்தில். டிராஸ்டெவெரே என்கிற பகுதி படத்தில் அழகாக இருக்கும், ஆனால் ராத்திரி முழுக்கச் சத்தம், தரையெல்லாம் சம்பியெத்ரினி என்று சொல்கிற கறுப்புக் கல். அந்தக் கற்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் சக்கர சூட்கேஸும் முழங்காலும் சேர்ந்து அழும். மாமிக்குச் செருப்பு வேண்டாம், தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ வாங்கிக் கொடுங்கள், ஊரிலேயே நாலு நாள் போட்டுப் பழகட்டும்.

பியூமிசினோ விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் டாக்ஸிக்கு நிலையான கட்டணம் 55 யூரோ, பெட்டிக்குத் தனிக் காசு இல்லை. பழைய மதில் சுவருக்கு உள்ளே இருக்கும் முகவரிகளுக்குத்தான் இது. முகவரியைக் காட்டிவிட்டு ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், வெள்ளை டாக்ஸி மட்டும் எடுங்கள். நாலு பேர் என்றால் இதுவே லாபம், ஏனென்றால் லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் ஆளுக்கு 14 யூரோ. தனியாக வருகிறவர்களுக்கு அந்த ரயில் நல்லது, 32 நிமிடத்தில் ரோமின் முக்கிய ரயில் நிலையமான டெர்மினி.

அப்புறம் ஹோட்டல் அறை வாடகை போக நகர வரி என்று ஒன்று தனியாகக் கேட்பார்கள், ஏமாற்று வேலை இல்லை. மூன்று நட்சத்திர ஹோட்டலில் ஆளுக்கு ஒரு இரவுக்கு 6 யூரோ, பத்து வயதுக்குக் கீழே கிடையாது.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பட்டினிதானா?

இல்லவே இல்லை, ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். ரோமின் புகழ்பெற்ற பாஸ்தாக்களில் கார்பனாராவில் முட்டையும் பன்றிக் கன்னத்து இறைச்சியும் உண்டு, அமாத்ரிச்சானாவில் அதே இறைச்சி. காச்சியோ எ பெப்பே சீஸும் மிளகும் மட்டும்தான், ஆனால் அதில் போடும் பெக்கோரினோ சீஸுக்குப் பாலைத் திரிய வைக்க ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பார்கள். அது உங்களுக்கு ஒத்துவராது என்றால் சீஸே இல்லாத மரினாரா பிட்ஸா இருக்கிறது, தக்காளி, பூண்டு, ஓரிகானோ மட்டும். சுப்ளி என்று உருண்டையாகப் பொரித்து விற்பதைப் பார்த்து போண்டா என்று கடித்துவிடாதீர்கள், உள்ளே பெரும்பாலும் இறைச்சிக் குழம்புச் சோறு.

மதியத்துக்குப் பிட்ஸா அல் தாலியோ கடைதான் என் சிபாரிசு. நீளத் தட்டில் வைத்திருப்பார்கள், கத்தியை வைத்து "இவ்வளவா?" என்று சைகையில் கேட்பார்கள், நீங்கள் கையால் அளவு காட்டலாம், எடை போட்டுக் கத்தரியால் வெட்டித் தருவார்கள். உருளைக்கிழங்கு போட்டது கேட்டு வாங்குங்கள். காப்பியைக் கடையின் கவுன்ட்டரில் நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேஜையில் உட்கார்ந்தால் வேறு விலை. பிரபலமான சதுக்கம் என்றால் இரண்டு மூன்று மடங்குகூட ஆகும். நாலாம் நாள் சாம்பார் ஏக்கம் வந்துவிட்டால் பியாட்சா வித்தோரியோ பக்கம் இந்திய, பங்களாதேஷ் மளிகைக் கடைகள் இருக்கின்றன. சமையலறையோடு வீடு எடுத்தவர்களுக்கு எஸ்குயிலினோ சந்தை சொர்க்கம்.

கேள்வி: திருட்டுப் பயம் அதிகம் என்கிறார்கள். தாலிச் செயினைக் கழற்றி வைத்துவிட்டு வரணுமா அக்கா?

(அண்ணன்தான், பரவாயில்லை.) இங்கே பயப்பட வேண்டியது பிக்பாக்கெட்டுக்கு. செயினை உள்ளே விட்டுக்கொண்டு மேலே ஒரு ஷாலைப் போட்டால் போதும். கவனிக்க வேண்டியது பர்ஸும் போனும், குறிப்பாக டெர்மினியிலிருந்து ஸ்பானிய படிக்கட்டு வரை உள்ள ஏ லைன் மெட்ரோவும், 64ஆம் எண் பஸ்ஸும். மெட்ரோக் கதவு மூடுகிற நொடியில்தான் கை வைப்பார்கள், அதனால் கதவோரம் நிற்காமல் உள்ளே தள்ளிப் போங்கள். கையில் கயிறு கட்டவோ ரோஜாப் பூ கொடுக்கவோ வருகிறவர்களை நிமிர்ந்தே பார்க்காமல் நடந்துவிடுங்கள், கட்டிய பிறகு காசு கேட்பார்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் டிக்கெட், டிக்கெட். இலவசமாக ஒன்றுமே கிடையாதா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ரோமின் பெரிய சொத்து தேவாலயங்களுக்குள் இருக்கிறது, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக வேண்டியதுதான். பாந்தியனுக்கு ஐந்து யூரோ ஆக்கிவிட்டார்கள் (2023 ஜூலையிலிருந்து), ஆனால் அதற்கு இரண்டு தெரு தள்ளி சான் லூயிஜி தெய் பிரான்சேசி தேவாலயம். இடப்பக்கம் கடைசி சிற்றாலயத்தில் கரவாஜியோவின் மூன்று ஓவியங்கள், மூன்றும் இயேசுவின் சீடர் மத்தேயுவைப் பற்றியவை, 1599லிருந்து 1602க்குள் வரைந்தவை. முதலில் இருட்டாகத்தான் இருக்கும், அங்கே இருக்கும் பெட்டியில் சில்லறை போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் பட்டென்று அணையும், உடனே எல்லோரும் பக்கத்து ஆளின் பாக்கெட்டைப் பார்ப்பார்கள். இடப்பக்கச் சுவரில் இருக்கும் ஓவியத்தின் மேஜை ஓரத்தில் ஒரு இளைஞன், இயேசு வந்து நிற்பதே தெரியாமல் குனிந்து காசு எண்ணிக்கொண்டிருப்பான். வலப்பக்கமிருந்து ஒளி சாய்ந்து விழும். ஓவியத்துக்கு வலது கையில்தான் அந்தச் சிற்றாலயத்தின் நிஜ ஜன்னலும் இருக்கிறது, வரைந்தவர் அதையும் கணக்கில் வைத்திருக்கிறார்.

கொலோசியத்துக்குப் பக்கத்தில் சான் பியெத்ரோ இன் வின்கோலியில் மைக்கேலேஞ்சலோவின் மோசே சிலை, அதுவும் இலவசம். ஒரே நிபந்தனை, மதியம் பல தேவாலயங்களைப் பூட்டிவிடுவார்கள், பன்னிரண்டுக்கு முன் அல்லது நாலு மணிக்கு மேல் போங்கள்.

தண்ணீரும் இலவசம். ஊர் முழுக்க நசோனி என்கிற இரும்புக் குழாய்கள் இரண்டாயிரத்துக்கு மேல், ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும், குடிக்கிற தண்ணீர்தான். வளைந்த மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்ன ஓட்டை வழியாகப் பீறிட்டு வரும், வாயை வைத்துக் குடிக்கலாம். பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

கேள்வி: ஆகஸ்டில் டிக்கெட் மலிவு. வரலாமா?

வெயில் நமக்குப் பழக்கம்தான், ஆனால் ஆகஸ்ட் 15 ஃபெர்ரகோஸ்தோ விடுமுறையை ஒட்டி நல்ல சாப்பாட்டுக் கடைகள் பல வாரக்கணக்கில் சாத்திக்கொண்டு போய்விடுவார்கள். ஏப்ரல், மே, அக்டோபர்தான் என் ஓட்டு.

கேள்வி: பஸ், மெட்ரோ டிக்கெட் எப்படி?

1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும், அதற்குள் மெட்ரோ ஒரு முறைதான். வங்கிக் கார்டைத் தட்டியும் போகலாம், ஆனால் ஒரு கார்டு ஒரு ஆளுக்குத்தான், குடும்பத்துக்கே ஒரு கார்டைத் தட்டினால் கணக்கு சேராது. பத்து வயதுக்குக் கீழே இலவசம். வேலைநிறுத்தம் என்றால் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை வைப்பார்கள், அன்றும் காலை 8.30 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் வண்டி ஓடும். அதனால் விமானம் பிடிக்கிற நாளை வெள்ளியில் வைக்காமல் இருந்தால் நிம்மதி.

கேள்வி: பையனுக்கு சரித்திரம் என்றால் உயிர். ஒரு நாள் மிச்சம் இருக்கிறது, பாம்பேயா பிளாரன்ஸா?

இரண்டும் வேண்டாம், ஓஸ்தியா அந்தீகா போங்கள். ரோமின் பழைய துறைமுக நகரம், பிரமிதே மெட்ரோ நிலையத்தில் இறங்கி ஒட்டினாற்போல் இருக்கும் ரயிலில் ஏறினால் அரை மணி நேரம், அதே 1.50 யூரோ டிக்கெட். தெரு, நாடக அரங்கு, மதுக்கடை மேடை, வரிசையாக ஓட்டை போட்ட பளிங்குக் கழிப்பறை எல்லாம் அப்படியே இருக்கிறது, பையன் அதில் உட்காராமல் வரமாட்டான். நாடக அரங்குக்குப் பின்னால் வணிகர்களின் சதுக்கம், ஒவ்வொரு கடை வாசலிலும் கறுப்பு வெள்ளை மொசைக்கில் கப்பல், கலங்கரை விளக்கம், ஒரு இடத்தில் யானை. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியது என்று அகநானூறு பாடுகிறதே, சேரர் துறைமுகமான முசிறியில் ஏற்றிய அந்த மிளகு கடைசியில் ரோமுக்குத்தான் வந்தது. அதைச் சேமிக்கவே பேரரசர் டொமிஷியன் ஃபோரத்தில் தனிக் கிடங்கு கட்டினார், அதன் இடிபாடு மாக்சென்டியஸ் பசிலிக்கா என்கிற பழைய மண்டபத்துக்கு அடியில் கிடக்கிறது. பையனிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள்.

திங்கட்கிழமை ஓஸ்தியா மூடல். உங்களுக்கு மிச்சமிருப்பது திங்கள்தான் என்றால் பிளாரன்ஸ், அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம், டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும். ஆனால் அங்கே உஃபிசி மியூசியமும் திங்கள் மூடல், தெருவையும் பாலத்தையும் பார்த்துவிட்டு வரலாம்.