சட்டைக்குக் கஞ்சி: காலருக்குத் தாராளம், உடம்புக்குச் சிக்கனம்

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிவிட்டதால், வந்திருப்பவற்றில் பெரும்பாலானவை வெள்ளைச் சட்டைக் கேள்விகள்.

அம்மா வடிகஞ்சியில்தான் சட்டை முக்குவார்கள். இப்போது வீட்டில் குக்கர் சோறு. அதற்குப் பதில் மைதா காய்ச்சலாமா?
(கல்லிடைக்குறிச்சி வாசகி)

மைதா வேண்டாம் அம்மா. அதில் மாவுச்சத்தோடு புரதமும் இருக்கிறது. இஸ்திரிச் சூட்டில் வெள்ளைத் துணி பழுப்பேறும். ஜவ்வரிசி வாங்குங்கள். மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்வதால் கஞ்சி தெளிவாக வரும், துணியின் நிறத்தை மறைக்காது.

2 மேசைக்கரண்டி ஜவ்வரிசியை அரை மணி நேரம் ஊறவையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு, அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே கொதிக்கவிடுங்கள். மணிகள் கரைந்து கஞ்சி பளபளப்பானதும் இறக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். இந்த வடிகட்டலைத் தவிர்க்கவே கூடாது. ஆறியதும் பாதியைத் தனியே எடுத்துவைத்து, மீதியில் அதே அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். விரலை முக்கி எடுத்தால் பாலைப் போல வழிய வேண்டும். விரலில் பிசுபிசுவென்று நின்றால் இன்னும் தண்ணீர் ஊற்றுங்கள்.

என்றைக்காவது சோறு வடித்தால் அந்தக் கஞ்சியும் நல்லதுதான். அன்றைக்கே பயன்படுத்திவிடுங்கள், மறுநாள் புளித்த வாடை சட்டையில் ஏறிவிடும்.

அண்ணாச்சி, கஞ்சி போட்ட சட்டை அட்டையாக நிற்கிறது. ஆனால் மதியத்துக்குள் முதுகெல்லாம் வியர்வை, கசகசப்பு. கஞ்சியே போடாமல் விட்டுவிடலாமா?
(மேலப்பாளையம் வாசகர்)

விட வேண்டாம், இடம் பார்த்துப் போடுங்கள். கஞ்சி என்பது நூலின் மேல் படியும் மாவுப் படலம். அது கனத்தால் துணியின் கண்கள் அடைபடும், காற்று நுழையாது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் முதுகுக்கும் அக்குளுக்கும் கெட்டிக் கஞ்சி போடுவது உடம்புக்குச் செய்கிற கொடுமை. சட்டையின் மிடுக்கு தெரிவது காலரிலும் கைப்பட்டியிலும் பட்டன் பட்டியிலும்தான். அந்த மூன்றிலும் எடுத்துவைத்த கெட்டிக் கஞ்சியைக் கையால் தேய்த்துவிடுங்கள். மற்ற இடங்களுக்கு நீர்த்த கஞ்சியில் ஒரு முக்கு போதும். அந்த மெல்லிய படலத்தால் இன்னொரு நன்மையும் உண்டு: அழுக்கு நூலில் ஏறாமல் கஞ்சியில் ஒட்டி, அடுத்த சலவையில் கஞ்சியோடு போய்விடும்.

காலரிலும் அளவு மீற வேண்டாம். விறைத்த நூல் மடிப்பிலேயே முறியும். மடிப்பு ஓரம் நைந்த காலர்களில் பல கஞ்சி மிஞ்சியதால் கெட்டவை.

தெருமுனை இஸ்திரிக்காரர் தேய்த்தால் வரும் மடிப்பு வீட்டில் வருவதில்லையே?
(வண்ணார்பேட்டை வாசகர்)

அவருடைய கரிப்பெட்டி ஐந்தாறு கிலோ இருக்கும். வீட்டு மின்பெட்டி ஒரு கிலோ சுமார்தான். அந்தக் கனத்தை ஈரத்தால் ஈடுகட்டுங்கள். சட்டையை மொறமொறவென்று காயவிடாதீர்கள். காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளித்து, இறுகச் சுருட்டி, அரை மணி நேரம் வையுங்கள். ஈரம் ஒரே சீராகப் பரவும். பெட்டியைப் பருத்திச் சூட்டில் வைத்து, காலரின் அடிப்பக்கத்தை முதலில் தேயுங்கள். முனையிலிருந்து நடுவை நோக்கி வர வேண்டும். நடுவிலிருந்து முனைக்குத் தள்ளினால் துணி முனையில் குவிந்து சுருக்கம் நிலைத்துவிடும். ஆவி எழுவது நிற்கும்வரை அழுத்துங்கள். விறைப்பு வருவது அந்த நேரத்தில்தான். அரை ஈரத்தில் மாட்டிவைத்தால் காலர் தொய்ந்துபோகும்.

கருநீலச் சட்டையில் வெள்ளைத் திட்டுகள் விழுகின்றன.
(பாளையங்கோட்டை ஆசிரியை)

வடிகட்டாத கஞ்சி, அல்லது கெட்டிக் கஞ்சி. சட்டையை வெந்நீரில் அலசிவிட்டு, நீர்த்த ஜவ்வரிசிக் கஞ்சியில் மறுபடி முக்குங்கள். உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, நிழலில் காயவைத்து, உட்புறத்திலேயே தேயுங்கள்.

டெரிகாட்டனுக்குக் கஞ்சி நிற்குமா?
(வள்ளியூர் வாசகர்)

சரியாக நிற்காது. பாலியஸ்டர் நூல் கஞ்சியை உறிஞ்சுவதில்லை. காலருக்கு மட்டும் போடுங்கள். பெட்டிச் சூட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு உப்புத் தண்ணீர்தான். கஞ்சி போட்டால் வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாகிறது.
(திசையன்விளை வாசகி)

குற்றம் கஞ்சியில் இல்லை. கடினத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து துணியில் படிகிறது. அதன் மேல் கஞ்சியும் போட்டுப் பூட்டிவிடுகிறோம். சோப்புக் கட்டியை விட்டுச் சலவைத்தூளுக்கு மாறுங்கள். கடைசி அலசலுக்கும் கஞ்சி காய்ச்சவும் மட்டும் குடிதண்ணீரோ பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ ஒரு வாளி ஒதுக்குங்கள். நீலம் போடுவதென்றால் கஞ்சித் தண்ணீரிலேயே சில சொட்டுகள் நன்றாகக் கலக்கிவிட்டுச் சட்டையை முக்குங்கள். துணியின் மேல் நேரே விட்டால் திட்டாகும்.

மகனின் கல்யாணச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்துப் பெட்டியில் வைக்கலாமா?
(அம்பாசமுத்திரம் வாசகி)

வேண்டவே வேண்டாம். மாவைத் தேடி இராமபாணப் பூச்சியும் கரப்பானும் வரும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். கஞ்சி முழுவதும் போக வெந்நீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, தேய்க்காமல் தளர்வாக மடித்து வையுங்கள். உடுத்துவதற்கு முந்தைய நாள் கஞ்சி போட்டுக்கொள்ளலாம்.