காந்தப்புலத்தில் மின்தடை குறையுமா?

கேள்வி (எம்.எஸ்ஸி. இயற்பியல் மாணவி, காரைக்குடி): காந்தப்புலத்தில் வைத்தால் உலோகத்தின் மின்தடை கூடும் என்றுதான் படித்திருக்கிறோம். வைல் செமிமெட்டல்களில் புலமும் மின்னோட்டமும் ஒரே திசையில் இருந்தால் மின்தடை குறைகிறது என்று கருத்தரங்கில் கேட்டேன். ஏன் அப்படி? அதை நம்பலாமா ஐயா?

பதில்: நீங்கள் படித்தது, புலம் மின்னோட்டத்துக்குக் குறுக்கே இருக்கும் நிலை. எலெக்ட்ரானின் பாதை வளையும், மின்தடை கூடும். புலத்தின் திசையிலேயே ஓடும் எலெக்ட்ரானை லாரன்ட்ஸ் விசை தொடாது. எளிய கணக்குப்படி அங்கே மின்தடை மாறவே கூடாது. குறைகிறது என்றால் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

வைல் செமிமெட்டலில் இரண்டு ஆற்றல் பட்டைகள் சில புள்ளிகளில் மட்டும் தொட்டுக்கொள்கின்றன. அந்தப் புள்ளிகளின் அருகே எலெக்ட்ரான்கள், நிறையில்லாத துகளுக்காக 1929-இல் ஹெர்மன் வைல் எழுதிய சமன்பாட்டின்படி நடந்துகொள்ளும். புள்ளிகள் ஜோடியாகத்தான் வரும்: ஒன்று வலக்கை, மற்றது இடக்கை (எலெக்ட்ரானின் சுழற்சி அதன் ஓட்டத்தோடு எந்தப் பக்கம் சேர்கிறது என்பதைச் சொல்லும் பெயர்கள்). காந்தப்புலம் வந்ததும் ஆற்றல்கள் படிப்படியான லாண்டாவ் மட்டங்களாகப் பிரிகின்றன. இதில் பூஜ்யமாவது மட்டம் ஒருவழிப்பாதை மாதிரி. ஒரு புள்ளியில் புலத்தோடு ஓடும், அதன் ஜோடியில் புலத்துக்கு எதிராக ஓடும். சரி, மின்புலத்தையும் அதே திசையில் கொடுங்கள். ஒரு புள்ளியில் எலெக்ட்ரான்கள் சேரும், மற்றதில் குறையும். மொத்த எண்ணிக்கை மாறாது. சேர்ந்தவை திரும்பிப் போக உந்தத்தில் பெரிய தாவல் வேண்டும், அப்படிப்பட்ட சிதறல் அரிது. அந்தத் தாமதத்தால்தான் கூடுதல் மின்னோட்டம் கிடைக்கிறது. குறைந்த புலத்தில் அது புலத்தின் இருமடியாக வளரும்.

இதன் வேர் துகள் இயற்பியலில் இருக்கிறது. மின்னூட்டமில்லாத பையான் என்ற அணுவினும் சிறிய துகள் இரண்டு ஃபோட்டான்களாகச் சிதைவதை விளக்க 1969-இல் ஆட்லர் ஒரு பக்கமும், பெல்லும் ஜாக்கிவும் இன்னொரு பக்கமுமாகக் கண்ட 'கைரல் அனாமலி'யே (வலக்கை, இடக்கை எண்ணிக்கைகள் தனித்தனியே மாறாமல் நிற்காத விளைவு) இது. படிகத்திலும் இதைப் பார்க்க முடியும் என்று நீல்சனும் நினோமியாவும் 1983-இல் எழுதினார்கள். பையானுக்காகப் போட்ட கணக்கு ஒரு படிகத் துண்டின் மின்தடையில் வந்து நிற்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது. 2015-இல் டான்டலம் ஆர்சனைடிலும், பிரின்ஸ்டனில் சோடியம்-பிஸ்மத் படிகத்திலும் மின்தடை குறைவதை அளந்தார்கள்.

நம்பலாமா என்று கேட்டீர்களே, அதுதான் முக்கியம். மெல்லிய படிகத்தில் சில்வர் பெயின்ட் தொட்டுத் தங்கக் கம்பி ஒட்டி அளக்கிற வேலையில் பல வருஷம் இருந்தவன் நான். வரைபடத்தைப் பார்க்கும் முன் கான்டாக்ட் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பேன். எலெக்ட்ரான்கள் வெகு வேகமாக நகரும் பொருள்களில், வலுவான புலம் குறுக்குவாட்டுக் கடத்தலை நசுக்கிவிடும். நெடுக்குவாட்டில் அந்த அளவுக்குக் குறையாது. மின்னோட்டம் படிகம் முழுவதும் பரவாமல் நடுவில் ஒரு கற்றையாகக் குறுகிவிடும். ஓரத்தில் மின்னழுத்தம் அளந்தால் எண் குறையும். அது அனாமலி இல்லை, வெறும் ஓட்டத்தின் வடிவம். டான்டலம் பாஸ்பைடில் கான்டாக்டின் இடத்தைப் பொறுத்து விடையே மாறுகிறது என்று 2016-இல் டிரெஸ்டனில் காட்டினார்கள்.

அப்புறம் 2018-இல் பிரின்ஸ்டன் குழுவே ஒரு சோதனை வைத்தது. அளவீட்டு விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. படிகத்தின் நடுமுதுகில் ஒரு ஜோடி, ஓரத்தில் ஒரு ஜோடி என்று கான்டாக்ட் வைத்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். சுத்தமான பிஸ்மத்தில் முதுகுத் தடை ஏறியது, ஓரத் தடை இறங்கியது. கற்றை விளைவு அப்பட்டமாகத் தெரிந்தது. சோடியம்-பிஸ்மத்திலும், கடோலினியம்-பிளாட்டினம்-பிஸ்மத்திலும் இரண்டுமே இறங்கின. ஆகவே இந்த இரண்டையும் நம்பலாம். மற்றவற்றில், முதுகையும் ஓரத்தையும் தனித்தனியே அளந்தீர்களா என்று அடுத்த கருத்தரங்கில் எழுந்து கேளுங்கள்.

கேள்வி (பள்ளி ஆசிரியர், திண்டுக்கல்): டங்ஸ்டன் டைடெல்லுரைடில் மின்தடை லட்சக்கணக்கான சதவீதம் கூடுகிறதாமே! அதுவும் இதே காரணத்தாலா?

பதில்: இல்லை. 2014-இல் வந்த முடிவு அது. 4.5 கெல்வினில், 14.7 டெஸ்லா புலத்தில் 4,52,700 சதவீதம், 0.53 கெல்வினில், 60 டெஸ்லாவில் 1.3 கோடி சதவீதம். அப்போதும் ஏறுவது நிற்கவில்லை. அங்கே புலம் மின்னோட்டத்துக்குக் குறுக்கே இருக்கிறது. எலெக்ட்ரான்களும் துளைகளும் (எலெக்ட்ரான் இல்லாத இடங்கள், நேர் மின்னூட்டம் போல நடப்பவை) ஏறத்தாழ சம எண்ணிக்கையில் இருப்பதுதான் முக்கியக் காரணம் என்று அதைக் கண்டவர்களே எழுதினார்கள். இரண்டும் சமமாக இருந்தால் ஹால் மின்னழுத்தம் உருவாகிப் பாதையை நேராக்க வழியில்லை, அதனால் தடை புலத்தின் இருமடியாக ஏறிக்கொண்டே போகும். இந்தக் கணக்குக்கு வைல் புள்ளிகள் போன்ற டோப்பாலஜி விஷயம் எதுவும் தேவையில்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு லாரன்ட்ஸ் விசையை வைத்தே இதன் அடிப்படையைச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.