வாங்கும் முன்: தூள், தண்ணீர், எண்ணெய்

கடை மிளகாய்த்தூள் கண்ணைப் பறிக்கும் சிவப்பு. கலர் கலந்திருக்குமா? (கோண்டாவில்)

கலந்திருக்கலாம். தண்ணீரில் போட்டுப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். ‘சூடான்’ என்ற பெயருள்ள சிவப்புச் சாயம் எண்ணெயில்தான் கரையும். பூஞ்சணம் பிடிக்காத செத்தல் மிளகாயாகப் பார்த்து வாங்கிக் காயவைத்து, மில்லில் பக்கத்தில் நின்று இடிப்பியுங்கள். பூஞ்சண நஞ்சான அஃப்ளாடொக்சின் வறுத்தாலும் முழுதாகப் போகாது.

ஈரலைக் கழுவும் மூலிகைத் தூள் 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். என்ன சேர்த்தது என்று பொதியில் இல்லை. குடிக்கலாமா? (மானிப்பாய்)

வேண்டாம். எழுத்தில்லாத பொதிக்கு இவ்வளவு காசை ஏன் கொடுத்தீர்கள்?

கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிறோம். ஃபில்டரும் வேண்டுமா? (சுன்னாகம்)

இதை நான் எத்தனை முறை எழுதினாலும் போதாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். நம் யாழ்ப்பாணத்து நிலத்தடி சுண்ணாம்புக்கல். தோட்டத்து யூரியாவும் மலசலகூடக் குழிக் கசிவும் அதன் வெடிப்புகளால் கிணற்றுக்கு இறங்கிவிடும். நைத்திரேற்றுக்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் எல்லை. அதைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கலாம்.

"எல்லா நஞ்சையும் எடுக்கும்" என்றவரை நம்பி நானும் ஒரு கரி ஃபில்டர் வாங்கினேன். இரண்டு வருடம் கழித்துத் தண்ணீரைச் சோதித்தபோது நைத்திரேற் குறையவேயில்லை. கரி அதைப் பிடிக்காது. அந்த இரண்டு வருடமும் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தது. இன்றும் நெஞ்சு பதைக்கிறது. முதலில் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஆய்வுகூடத்தில் கட்டணம் கட்டிச் சோதியுங்கள். அளவு கூடியிருந்தால், தண்ணீரை நுண்சவ்வு வழியாக அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் அதை எடுக்கும். முடிவு வரும்வரை குழந்தைக்கு அந்தக் கிணறு வேண்டாம்.

வீட்டுக்கு வந்த ஒருவர் செக்கு நல்லெண்ணெய் என்று அம்மாவுக்கு ஐந்து போத்தல் விற்றார். எள் மணமே இல்லை. பற்றுச்சீட்டும் தரவில்லை. அம்மா அழுகிறார். (சாவகச்சேரி)

அம்மாவை ஏசாதீர்கள். நம்பினது அவர் குற்றமில்லை, ஏமாற்றினது அவன் குற்றம். திறக்காத போத்தல்களை அப்படியே வையுங்கள். வந்த நாள், கொடுத்த காசு, வாகன இலக்கம், ஆள் அடையாளம் எல்லாவற்றையும் இன்றே எழுதி, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம். எழுத்து முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது விற்பவர் கடமை. அடுத்தமுறை அம்மாவுக்குப் பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள்.

கொதிக்கும் சாம்பாரைப் பொலித்தீன் பையில் கட்டித் தருகிறார்கள். வாங்கலாமா? (திருநெல்வேலி)

கூடாது. தூக்குச்சட்டி கொண்டு போங்கள்.