முன் டிஃபரன்ஷியலைத் திறந்தால் எதைப் பார்ப்பது?

ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளின் முன் டிஃபரன்ஷியல் (இன்ஜின் சுழற்சியை இரண்டு முன் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி) பற்றிச் சேர்ந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில்.

கேள்வி: ஆயில் மாற்றும்போது டிரெயின் பிளக் காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு. கியர் போய்விட்டதா அண்ணா?

விரலில் தேய்த்தால் மை போலக் குழைகிறதா? அது சாதாரணத் தேய்மானம், துடைத்துவிட்டு மாட்டுங்கள். விரலைக் குத்தும் துகளோ செதிலோ வந்தால் திறந்து பார்க்க வேண்டியதுதான். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பிரீதர் குழாய் (உள்ளே காற்று போய்வரும் குழாய்) அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: பேக்லாஷ் எவ்வளவு இருக்க வேண்டும்? கையால் ஆட்டிப் பார்த்தால் போதாதா?

போதாது. பேக்லாஷ் என்பது கிரவுன் வீல் (பெரிய பற்சக்கரம்), பினியன் (அதைச் சுழற்றும் சின்னப் பற்சக்கரம்) இவற்றின் பற்களுக்கு நடுவே உள்ள சிறு தளர்வு. பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு, டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) முனையைக் கிரவுன் வீல் பல்லின் வெளி ஓரத்தில் வைத்து, அந்தக் கிரவுன் வீலை முன்னும் பின்னும் அசையுங்கள். பல வண்டிகளில் 0.15 முதல் 0.25 மி.மீ. வரை இருக்கும். உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேடு வேறு எண் சொன்னால் அதுதான் கணக்கு.

ஒரே இடத்தில் அளந்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். வீலைச் சுற்றி நான்கு இடமாவது பார்க்க வேண்டும். இடத்துக்கு இடம் அளவு நன்றாக மாறினால் கிரவுன் வீல் நேராக உட்காரவில்லை. ஒருமுறை அரை நாள் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்றி மாற்றிப் போட்டு அலுத்துப்போனேன். கடைசியில் கழற்றிப் பார்த்தால், கிரவுன் வீலுக்கும் அதைப் பூட்டும் கேஸுக்கும் நடுவில் ஒரு சின்ன இரும்புத் துணுக்கு!

கேள்வி: புது கிரவுன் பினியன், பேக்லாஷ் சரி. ஆனாலும் ஊளைச் சத்தம் வருகிறது சார்.

எண் சரியாக இருந்தும் பல் தப்பான இடத்தில் தொடலாம். நான்கைந்து பல்லில் மார்க்கிங் பேஸ்ட் (பல் தொட்ட இடத்தைக் காட்டும் பசை) தடவி, கிரவுன் வீலுக்குக் கொஞ்சம் தடை கொடுத்தபடி இரண்டு பக்கமும் சுற்றுங்கள். தடம் பல்லின் நடுவில், ஓரங்களைத் தொடாமல் விழ வேண்டும்.

பல்லின் உச்சியில் விழுந்தால் பினியன் தள்ளி நிற்கிறது, உள்ளே கொண்டுவர வேண்டும். அடியில் விழுந்தால் அதிகம் உள்ளே போயிருக்கிறது. இவை இரண்டும் பினியன் ஷிம் வேலை. தடம் பல்லின் உள் முனைப் பக்கம் ஒதுங்கினால் பேக்லாஷைக் கூட்டுங்கள், வெளி முனைப் பக்கம் என்றால் குறையுங்கள். ஒன்றைத் திருத்தினால் மற்றது நகரும், பொறுமை வேண்டும். என் கணக்கில் டயல் கேஜைவிடத் தடத்தின் பேச்சுதான் பெரிது.

சத்தமில்லாமல் ஓடிய பழைய ஜோடியைக் கழற்றினால் மட்டும், தடம் அழகாக வர வேண்டும் என்று ஷிம்மை மாற்றாதீர்கள். ஒன்றுக்கொன்று தேய்ந்து பழகியவை அவை. கழற்றும் முன் அளந்த பேக்லாஷிலேயே திரும்பப் பூட்டுங்கள்.

கேள்வி: முன் ஆக்சிலில் பல்லின் எந்தப் பக்கத் தேய்மானத்தைப் பார்ப்பது?

நல்ல கேள்வி, பலர் இங்கேதான் சறுக்குவார்கள். பின் ஆக்சிலின் அதே வெட்டுள்ள கியரை முன்னால் பொருத்தியிருந்தால், வண்டி முன்னோக்கிப் போகும்போது சுமை ஏறுவது கிரவுன் பல்லின் குழிந்த பக்கம். பினியன் உயரமாக அமைந்த ரிவர்ஸ் வெட்டு (பல்லின் வளைவு எதிர்ப்பக்கம்) என்றால் புடைத்த பக்கம். அங்கே குழிப் புள்ளிகள், உரிந்த செதில், கீறல் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: பினியன் பல் மட்டும் உடைந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றலாமா?

கூடாது. கிரவுனும் பினியனும் ஜோடியாகவே இழைக்கப்பட்டவை, ஜோடியாகவே மாற்றுங்கள். பற்களை எண்ணுங்கள்: 41-க்கு 10 என்றால் விகிதம் 4.10. பின் ஆக்சிலும் அதே விகிதமாக இருக்க வேண்டும்.

கேள்வி: வளைவில் திரும்பும்போது டக் டக் சத்தம். இதுவும் டிஃபரன்ஷியலா?

பெரும்பாலும் சி.வி. ஜாயின்ட் (சக்கரம் திரும்பும்போதும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு). அதன் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா பாருங்கள், அப்புறம் மற்றதைக் கழற்றலாம்.

கேள்வி: முதல்முறையாக நானே கழற்றப் போகிறேன். ஏதாவது எச்சரிக்கை?

பேரிங் கேப்புகளில் இடது, வலது என்று பஞ்ச் அடித்துக் குறியுங்கள், மாறவே கூடாது. பினியனில் நசுங்கும் ஸ்லீவ் (நட்டை இறுக்கும்போது நசுங்கிப் பேரிங் இறுக்கத்தைச் சரிசெய்யும் குழல்) இருந்தால் புதிது வாங்கி வையுங்கள். நட்டை அதிகம் இறுக்கிவிட்டால் தளர்த்திச் சமாளிக்க முடியாது, இன்னொரு ஸ்லீவ்தான். அதனால் இரண்டாகவே வாங்குங்கள்.